பக்கத்தில் உட்கார ஆள் உண்டா?

கீரனூர் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தில் அவர்களைத் தனியாக அடையாளம் கண்டுவிடலாம். அம்மாவின் ஒரு கையில் மாற்றுத்துணி அடைத்த கட்டைப்பை. இன்னொரு கை வளர்ந்த மகனின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்கும். மகன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான்; அந்த யாரோ அங்கே இருக்கமாட்டார். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல இரண்டடி தள்ளிப் போவார்கள். அம்மா எவர் முகத்தையும் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான கீரனூர், திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. வடக்கே ஏறினால் திருச்சி, அங்கிருந்து முசிறி சாலையில் குணசீலம் பெருமாள் கோவில். தெற்கே ஏறினால் புதுக்கோட்டை, அதையும் தாண்டி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இறங்கினால் ஏர்வாடி தர்கா. ‘மனசு சரியில்லாதவங்களை’ அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் நிற்கும் இரண்டு வாசல்கள் இவை.

பேருந்து ஏறும் முன்பே அந்தக் குடும்பம் பாதி ஓய்ந்திருக்கும். ‘காத்து கருப்பு பட்டிருக்கு’ என்று முதலில் வேப்பிலை அடித்திருப்பார்கள். அப்புறம் மந்திரித்த கயிறு, தாயத்து. அதற்கும் அடங்காதபோது கோடாங்கி. அவர் உடுக்கை அடித்துக் குறி சொல்லி, எவரோ செய்வினை வைத்துவிட்டதாக ஆகி, கோழி அறுத்து, கடைசியில் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிருக்கும். அப்பாவின் கூலி நின்றிருக்கும். நூறு நாள் வேலைக்குக்கூட அம்மா போக முடியாது, வீட்டில் ஒருவர் காவல் இருந்தாக வேண்டுமே. எந்த ஒரு வீட்டையும் குறித்துச் சொன்னதல்ல இது. நிலமில்லாத, ஊருக்கு ஒதுக்குப்புறமான தெருக்களில் பல வீடுகளில் நடப்பது இப்படித்தான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பது அதில் தெரியவந்தது. அவர்களில் சிகிச்சையே கிடைக்காதவர்களின் பங்கு, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் வரை. பத்துப் பேருக்கு நோய் என்றால் ஏழு முதல் ஒன்பது பேர் வரை சிகிச்சையே பெறுவதில்லை.

இந்த வீடுகளுக்கு வெகுதூரத்தில், இப்போது உலகமெங்கும் இன்னொரு பேச்சு சூடு பிடித்திருக்கிறது. சைகடெலிக் மருந்துகள் பற்றிய பேச்சு அது. காலம், உருவம், ‘நான்’ என்ற உணர்வு எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குக் கலைத்துப்போடும் காளான்களும் கொடிகளும் கள்ளிகளும் மனநோய்க்கு மருந்தாகப் பார்க்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, மேற்பார்வையுடன் சைலோசைபின் காளான் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் அதைப் பரிந்துரைக்கலாம் என்றது. ‘ஒதுக்கப்பட்ட மக்களின் காயங்களை ஆற்றப்போகும் தாவர மருந்து’ என்றும் சிலர் சொல்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 10 நாடுகளில், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு கொண்ட 233 பேருக்கு ஒரே ஒரு முறை சைலோசைபின் கொடுத்துப் பார்த்தார்கள். 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேர் மூன்று வாரத்தில் மனச்சோர்விலிருந்து வெளியே வந்தார்கள். பெயரளவுக்கு 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் அப்படி வந்தவர்கள் 8 சதவீதம். பன்னிரண்டு வாரம் போனபோது இந்த வேறுபாடு வெகுவாகத் தேய்ந்திருந்தது. நம்பிக்கை தரும் மருந்துதான், ஆனால் அற்புதம் என்று சொல்லிவிட முடியாது.

கீரனூர் பேருந்து நிலையத்தில் நிற்கும் அந்த மகனுக்கு இந்த மருந்து எந்த அளவுக்கு உதவும்? உதவாது. காதில் குரல் கேட்பவர்களையும், மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃபிரினியா உள்ளவர்களையும், நெருங்கிய உறவில் அந்த நோய் இருப்பவர்களையும் இந்த ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அவர்களுக்கு நோய் முற்றிவிடும் என்ற அச்சம்தான் காரணம். குணசீலத்திலும் ஏர்வாடியிலும் வந்து கிடப்பவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான். உலகம் கொண்டாடும் மருந்து, நம் ஊரில் மிகவும் கைவிடப்பட்டவர்களைத் தொடவே கூடாத மருந்து. மேடைப் பேச்சில் இந்த உண்மை வருவதில்லை.

இருந்தும் அந்த ஆய்வுகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்பே நோயாளியிடம் பலமுறை பேசிப் பழகுகிறார்கள். மருந்து கொடுத்த நாளில் பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ ஆறு முதல் எட்டு மணி நேரம் பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அழுதால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மறுநாளும் அதற்கடுத்த வாரமும் உட்கார்ந்து, நடந்ததைப் பேசுகிறார்கள். நம் அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வரும் ஒருவருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார். பலன் தந்ததில் காளானின் பங்கு எவ்வளவு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களாலேயே இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தக் காளானின் வரலாறே ஒரு பாடம். மெக்சிகோவின் ஓஹாக்கா மலைப்பகுதியில், மசாடெக் பழங்குடியைச் சேர்ந்தவர் மரியா சபீனா. நோயாளியையும் குடும்பத்தையும் இரவு முழுக்க உட்காரவைத்து, காளானைக் கொடுத்து, விடியும்வரை பாடி நோய் தீர்ப்பவர். நம் ஊர்க் கோடாங்கிக்கு அக்கா முறை என்று சொல்லலாம். 1955இல் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன் அவரிடம் வந்து ஓரிரவு உட்கார்ந்தார். 1957இல் ‘லைஃப்’ பத்திரிகையில் அதைப் படங்களுடன் எழுதினார். 1958இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் அதையே மாத்திரையாக்கி மரியா சபீனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். காளானின் ஆவி இதிலும் இருக்கிறது என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார்.

அதன்பின் உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் அந்த மலைக்குப் படையெடுத்தார்கள். போலீஸ் வந்தது. ஊர் ரகசியத்தை வெளியே கொடுத்தவர் என்று சொந்த ஊரே அவரைத் தூற்றியது. அவர் வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையிலேயே இறந்தார். வந்தவர்கள் நோய் தீரவல்ல, கடவுளைப் பார்க்கத்தான் காளானைத் தின்றார்கள், அதனால் அதன் சக்தியே போய்விட்டது என்று கடைசிக் காலத்தில் அவர் வருந்தினார். இப்போது பலன் யாருக்குப் போகிறது? 1993 முதல் 2017 வரை நடந்த 18 சைகடெலிக் ஆய்வுகளை 2018இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 282 பேர். அதில் 82 சதவீதம் வெள்ளையர்கள். அறிவைக் கொடுத்த மக்களின் வம்சத்துக்குப் பலன் பெறும் வரிசையில் கிடைத்த இடம் மிகச் சிறியது.

கொடைக்கானலில் இந்தக் கதையின் சிறிய நகல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் சோலைப் புல்வெளிகளில் முளைக்கும் காளானைத் தேடி வெளியூர் இளைஞர்கள் வருகிறார்கள். சைலோசைபின், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள். வணிக அளவு என்று ஆகிவிட்டால் பத்து முதல் இருபது ஆண்டு சிறை. பிடிபடும்போது, விற்றவரின் பெயர்தான் முதலில் வழக்கில் ஏறுகிறது. ‘மன அமைதி’ தேடி வந்தவர் அறையைக் காலிசெய்துகொண்டு போய்விடுகிறார்.

தாவரத்திலிருந்து மனநோய்க்கு மருந்து என்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. உலகின் முதல் மனநோய் மருந்துகளில் ஒன்று இந்த மண்ணின் வேரிலிருந்து போனதுதான். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை, பீகார் பக்கத்தில் ‘பைத்தியத்துக்கான மருந்து’ என்ற பெயரிலேயே சந்தையில் விற்றார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், அது இரத்தக் கொதிப்பையும் மனநோயின் வெறியையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதழில் அதை உலகுக்குச் சொன்னார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. நியூயார்க் மனநோய் மருத்துவமனையில் நேதன் க்ளைன் அதைக் கொடுத்துப் பார்த்து, முடிவை 1954இல் வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டவர்கள் அமைதியானார்கள். 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் மருத்துவ விருது பெற்றவர்களின் பட்டியலில் க்ளைனும் இருந்தார், வக்கீலும் இருந்தார்.

அந்த வேரைத் தோண்டித் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தோண்டத் தோண்டச் செடியே அருகி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்ற வேண்டியதாயிற்று.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குப் பொதிகை மலையின் காணி மக்கள் சாட்சி. 1987இல் கேரளப் பக்கத்துக் காட்டில் தங்களுடன் வந்த ஆய்வாளர்களின் களைப்பைப் பார்த்து, காணிகள் ஒரு காயைத் தின்னக் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1995இல் அதன் உரிமம் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குப் போனபோது, கிடைக்கும் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் உருவானது. நடைமுறையில் குறைகள் இருந்தன. ஆனாலும் ‘பாதி உங்களுடையது’ என்று ஒரு பழங்குடியிடம் சொன்ன அந்த வாக்கியம் உலகெங்கும் பேசப்பட்டது. இன்றோ, 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், நூலேறிய மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலனைப் பகிரும் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. மனநோய்களைக் ‘கிரிகை’ என்று வகைபிரித்து மருந்து சொன்ன சித்த நூல்களும் அந்தக் கணக்கில் வந்துவிடும். எந்த வைத்தியக் குடும்பத்திடமிருந்து அந்த நூலுக்கு அறிவு ஏறியது என்று இனி எவரும் கேட்கப்போவதில்லை.

செடி என்றாலே தீங்கில்லாதது என்ற நினைப்பையும் இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். ‘பித்தத்துக்குப் பித்தம்’ என்று கிராமங்களில் ஊமத்தையை மனநோய்க்கு அரைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபோலமினும். வாய் வறண்டு, இதயம் படபடத்து, கண்மணி விரிந்து, இல்லாததை எல்லாம் பார்க்கவைக்கும். விதை கொஞ்சம் கூடினால் உயிர் போகும். மாயத்தோற்றம் தருவதெல்லாம் மனதை ஆற்றும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு செடியை நினைத்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் குணசீலத்துக்கு ஏன் இத்தனை பேர் போகிறார்கள்? வெறும் அறியாமை என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை அங்கே உச்சிக்கால பூசை நேரத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு மண்டலம், 48 நாள், தங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அம்மாவோ அண்ணனோ கணவனோ. பூசை முடிந்து தீர்த்தம் வரும். அதை முகத்தில் விசிறித் தெளிப்பார்கள். தண்ணீர் பட்டதும் சிலர் திடுக்கிட்டுக் கண் விழிப்பார்கள், சிலர் சிரிப்பார்கள், ஒருவர் அழுவார். அழுபவரை அதட்ட அங்கே யாரும் இல்லை. இரவு அர்த்தசாமத்தில் மறுபடியும் தீர்த்தம். நாள் முழுக்க ஊருக்குப் பயந்து ஒளித்துவைத்த பிள்ளையை, ஒளிக்கத் தேவையில்லாத இடத்தில் உட்காரவைத்திருக்கும் நிம்மதி அந்த அம்மாக்களின் முகத்தில் தெரியும்.

அந்த நிம்மதிக்கு ஓர் அளவுகோலும் உண்டு. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய சகாக்களும், தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோவிலுக்கு வந்து தங்கிய 31 மனநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கிசோஃபிரினியா. கோவிலில் அவர்களுக்கு மருந்து கிடையாது, அடி கிடையாது, சங்கிலி கிடையாது. காலையில் கால் மணி நேரம் பூசை. மிச்ச நேரம் கோவிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. துணைக்கு வீட்டாள் ஒருவர். சராசரியாக ஆறு வாரம். கிளம்பும்போது நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. பல மனநோய் மருந்துகள் தரும் பலனுக்கு இது ஒப்பானது என்று 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்’ எழுதினார்கள். சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. அதனால் ‘கோவிலுக்குப் போனால் போதும், மாத்திரை வேண்டாம்’ என்று இதை வைத்து எவரும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் அடிக்காத, விரட்டாத, வேலை கொடுத்து மனிதராக நடத்தும் ஒரு இடமும், பக்கத்தில் ஒரு சொந்தமும் இருந்தால் நோயே கொஞ்சம் இறங்கிவரக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

அதே நம்பிக்கை கைவிட்ட இடம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த ஒரு வரியின் பின்னால் ஏர்வாடியின் சாம்பல் இருக்கிறது. பிறகு அதே ஏர்வாடியில் ‘தவா – துவா’ என்ற ஏற்பாடு வந்தது. மருந்தும் வேண்டுதலும் என்று பொருள். தர்காவுக்கு வருபவர் வேண்டிக்கொள்ளவும் செய்யலாம், பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரையும் வாங்கலாம். நம்பிக்கையை இடிக்காமல் அதன் அருகிலேயே ஒரு நாற்காலியைப் போட்டதுதான் அதன் புத்திசாலித்தனம்.

புதுக்கோட்டைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. ஆனால் மாவட்டத்திலேயே பலருக்கு அது தெரியாது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்துக் கூடம். கிராமத்து மரத்தடியில் வண்டி நிற்கும். உள்ளே திரைக்கு முன்னால் நோயாளி உட்காருவார். திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். பேசி முடித்ததும் மாத்திரை அங்கேயே, இலவசமாக. எந்த வீட்டில் யார் மாதக்கணக்கில் வெளியே வராமல் கிடக்கிறார் என்று கண்டுபிடித்து அழைத்துவர, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள். இப்படி 156 கிராமங்களைச் சுற்றியது அந்த வண்டி. 2011 கணக்கெடுப்பில் 16 லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட, பெரும்பகுதி வானம் பார்த்த பூமியான ஒரு மாவட்டத்தில் நடந்தது இது. 2013இல் ‘வேர்ல்ட் சைக்கியாட்ரி’ இதழில் அதைப் பற்றிய குறிப்பு வெளியானது.

அந்தப் பேருந்தைத் தொழில்நுட்ப வெற்றி என்று பாராட்டுவது எளிது. திரையும் இணையமும் பாதி வேலையைத்தான் செய்தன. மிச்சப் பாதி, வீட்டுக்கு வீடு போய், ‘அக்கா, தம்பி நேத்து மாத்திரை போட்டுச்சா? சாப்பிட்டுச்சா?’ என்று கேட்ட களப்பணியாளரின் வேலை. ஸ்கார்ஃப் பங்கேற்ற இன்னொரு ஆய்வும் இதையே காட்டியது. கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் பகுதி என மூன்று இடங்களில், ஸ்கிசோஃபிரினியா உள்ள 282 பேரிடம் அது நடந்தது. மருத்துவருடன் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரும் சேர்ந்து கவனித்தவர்கள், மருத்துவரை மட்டும் பார்த்தவர்களைவிட ஓரளவு நன்றாகத் தேறினார்கள். 2014இல் ‘லான்செட்’ அதை வெளியிட்டது. மூன்று இடங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில்.

கோடாங்கியை என்ன செய்வது? விரட்டினால் அவர் இடம் மாறுவார், அவ்வளவுதான். கானாவிலும் நைஜீரியாவிலும் வேறு வழியைப் பார்த்தார்கள். மரபு வைத்தியர்களின் தங்குமிடங்களில் கிடந்த 307 மனநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, வைத்தியரும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளரும் சேர்ந்தே சிகிச்சை கொடுத்தார்கள். தீங்கான பழக்கங்களைக் குறைக்க வைத்தியரிடமே பேசிச் சம்மதம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பகுதியினரிடம் நோய்க்குறிகள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. 2020இல் வெளியான முடிவு இது. உடுக்கை அடிக்கும் கை, ‘மூணு நாள் தூங்காம இருந்தா என்கிட்ட கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ’ என்று சொல்லுமானால், அதைவிடப் பெரிய விழிப்புணர்வுப் பிரசாரம் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது.

மருந்தால் ஆறாத காயங்களும் இருக்கின்றன. 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தையின் மனதில் இருப்பது மூளையின் கோளாறு அல்ல. அதற்குக் காளானும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அதற்கு வேண்டியது நீதி. ‘ஒதுக்கப்பட்ட சமூகங்களின் மன ஆறுதல்’ என்று பேசுகிறவர்கள், ஒதுக்குதலை நிறுத்துவதைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

சைகடெலிக் மருந்துகளை இந்தியாவும் ஆராயட்டும். சட்டத்துக்கு உட்பட்டு, தேர்ந்த மருத்துவர்களின் கையில், தீராத மனச்சோர்வில் கிடப்பவர்களுக்கு நல்லது நடக்குமென்றால் நடக்கட்டும். ஆனால் சில ஆயிரம் பேருக்கு எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார ஆள் வைக்கப்போகும் நாட்டில், லட்சக்கணக்கானவர்களுக்கு மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் இருப்பது அநியாயம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் பையில் மனநோய் மாத்திரைக்கும் இடம் வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கூடுதல் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் வேண்டும். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும் அவர் வேலையில் ஒரு பகுதி என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

இது இரந்து கேட்கும் சலுகையும் அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு மனநல சிகிச்சையை உரிமையாகவே தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமூக சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலான எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மாவட்டத்தில் உரிய சேவை இல்லையென்றால் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

கீரனூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் சாலை, தண்ணீர், தெருவிளக்கோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: நம் பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநோய் மாத்திரை இந்த மாதம் இருப்பு இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு, 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். அழைப்புக்குக் காசு கிடையாது.